வரலாற்று வகுப்பில் ஏஐ: ஆதாரக் கட்டிலிருந்து மதிப்பெண் வரை

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை வரலாறு எடுக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துப் பள்ளிகளில் சக ஆசிரியர்கள் ஏஐயை (செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை) வகுப்பில் பயன்படுத்த இறங்கும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். வகுப்புக்குள் நுழைந்ததும் ஸ்மார்ட் போர்டில் சாட்ஜிபிடியைத் திறக்கிறார்கள், கேள்வியைத் தட்டுகிறார்கள், வந்த பதிலைக் காட்டி “இதுல எது தப்புன்னு கண்டுபிடிங்க” என்கிறார்கள். பிள்ளைகள் விழிக்கிறார்கள். கையில் ஒன்றும் இல்லாத பிள்ளை எதை வைத்துத் தப்பைக் கண்டுபிடிக்கும்?

அதனால் வரிசைதான் எல்லாம். முதலில் ஆதாரம். அடுத்து, மாணவர் தானே எழுதும் பதில். அதற்கு அப்புறம்தான் ஏஐ. இதை மாற்றினால், கீழே சொல்லும் மற்ற எதுவும் பலன் தராது.

உதாரணத்துக்குக் கடைசிவரை ஒரே பாடத்தை எடுத்துக்கொள்கிறேன்: பெரியாறு அணை. மேலூர்ப் பிள்ளைகளுக்கு அது வயலுக்கு வரும் கால்வாய்த் தண்ணீர். கம்பம், கூடலூரில் உறவுக்காரர் இருக்கும் பிள்ளைகளுக்கு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும், அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக் படம். எல்லோருக்கும் ஏதோ ஒன்று ஏற்கனவே தெரியும். தெரிந்ததைச் சோதித்துப் பார்ப்பதுதான் நம் வேலை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஏஐ கணக்கு ஒன்று போதும், அது உங்களுடையதாக இருக்கட்டும். மாணவர்களைக் கணக்குத் தொடங்கச் சொல்லாதீர்கள். யுனெஸ்கோ 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பிள்ளைகள் இந்தக் கருவிகளைத் தாங்களாகப் பயன்படுத்தக் குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 18 வயது நிரம்பாதவர் அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. “வீட்டுல போய் சாட்ஜிபிடில கேட்டுட்டு வா” என்று வீட்டுப்பாடம் கொடுப்பதை இதற்காகவே தவிர்க்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்றால், அந்தப் பிள்ளை மறுநாள் வெறுங்கையோடு வந்து நிற்கும்.

மாணவர் பெயர், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்), மதிப்பெண், முகம் தெரியும் படம் எதையும் கருவிக்குள் இடாதீர்கள். விடைத்தாளைப் படம் எடுத்துத் திருத்தச் சொல்வதும் இதில் அடக்கம்.

தலைமை ஆசிரியரிடம் முன்பே சொல்லுங்கள். பெற்றோர் கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேசுங்கள். பிள்ளை வீட்டுக்குப் போய் “கம்ப்யூட்டர் சொன்னது தப்புன்னு டீச்சர் சொன்னாங்க” என்று மட்டும் சொன்னால், வேறு மாதிரிப் புரிந்துகொள்வார்கள்.

பச்சை, சிவப்பு, நீலப் பென்சில்கள் வேண்டும். அச்சுப் பிரதிகள் பெஞ்சுக்கு ஒன்று. பாடத்துக்கு நான்கைந்து பீரியட் ஒதுக்குங்கள். ஹைடெக் லேபில் நெட் வராத நாளிலும் பாடம் நிற்கக் கூடாது. இங்கே சொல்லும் பெரும்பகுதி காகிதத்திலேயே நடக்கும்.

2. கேள்வியைச் சரியாக அமையுங்கள்

“பெரியாறு அணையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுக” என்பதை ஏஐ பத்து நொடியில் முடித்துவிடும். மாணவரும் அதைப் பார்த்து எழுதிவிடுவார். கேள்வியில் “நமக்கு எப்படித் தெரியும்?” என்ற பகுதி கட்டாயம் இருக்க வேண்டும். நான் பரிந்துரைப்பது இது: பெரியாறு அணை கட்டப் பணம் எங்கிருந்து வந்தது? அது நமக்கு எப்படித் தெரியும்?

இதே மாதிரி வேறு பாடங்களுக்கும் செய்யலாம். திருமலை நாயக்கர் மகாலை எடுத்தால், “இன்று நாம் பார்ப்பதில் எது 17-ஆம் நூற்றாண்டுக்குரியது, எது பிறகு பழுதுபார்த்தது?” என்று கேளுங்கள். லின்னேயஸ் டிரைப் 1858-ல் எடுத்த மதுரைப் படங்களில் மகால் இருக்கும் நிலை ஒன்று; நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்த காலத்தில் பழுதுபார்த்த பிறகு உள்ள நிலை வேறு. கீழடியை எடுத்தால், “கி.மு. 580 என்ற காலக்கணிப்பு எதற்கு உரியது? ஊர் முழுவதற்குமா, குறிப்பிட்ட ஆழத்தில் கிடைத்த ஒரு மாதிரிக்கா?” என்று கேட்கலாம். தொல்லியல் துறையின் 2019 அறிக்கையைப் பார்த்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும். பொதுவாகப் பேசித் தப்பிக்க முடியாது.

3. ஆதாரக் கட்டு தயாரித்தல்

ஆதாரக் கட்டு என்றால் மாணவர் கையில் கொடுக்கும் ஆவணத் துண்டுகளின் தொகுப்பு. நேரம் அதிகம் பிடிப்பது இந்த வேலைதான். ஒருமுறை செய்துவிட்டால் பல ஆண்டுக்கு உதவும்.

பெரியாறு பாடத்துக்கு என் கட்டில் இருப்பவை: அணைக்காகத் திருவிதாங்கூரோடு செய்த, 1886 அக்டோபர் 29-ஆம் தேதியிட்ட குத்தகை ஒப்பந்தத்தின் ஒரு பகுதி, அணை வேலையில் இருந்த பொறியாளர் மெக்கென்சி 1899-ல் எழுதிய திட்ட வரலாற்றிலிருந்து செலவு பற்றிய பகுதி, பிரான்சிஸ் எழுதி 1906-ல் வந்த மதுரை மாவட்ட கெஜட்டியரின் (அரசின் மாவட்ட விவர நூலின்) பாசன அத்தியாயத்தில் அரைப் பக்கம், பாடநூல் பத்தி. இவற்றோடு பிள்ளைகளே கொண்டுவரும் ஒரு வாய்மொழிக் குறிப்பு. பழைய நூல்கள் இன்டர்நெட் ஆர்க்கைவிலும், தமிழ் நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தேடினால் கிடைக்கும்.

ஒவ்வொன்றையும் எட்டு, பத்து வரிக்குள் வெட்டுங்கள். புதிதாகச் செய்பவர்கள் முழு அத்தியாயத்தையும் நகல் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு நாற்பது நிமிடத்தில் எட்டு வரியை ஊன்றிப் படிப்பதே பெரிய வேலை.

ஒவ்வொரு துண்டின் தலையிலும் நான்கு விவரம் இருக்கட்டும்: யார் எழுதியது, எந்த ஆண்டு, எந்த வேலையில் இருந்துகொண்டு எழுதினார், யார் படிப்பதற்காக எழுதினார். இது இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு எல்லாத் தாளும் ஒரே எடையில் தெரியும்.

ஆங்கில மூலத்தைத் தமிழாக்க ஏஐ உதவியைப் பெறலாம். ஆனால் வரிக்கு வரி நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கவனிக்க வேண்டிய இடங்கள் எனக்குப் பழகிப்போனவை. பழைய ஆவணத்தில் கூடலூர் என்று வந்தால் தேனி மாவட்டத்துக் கூடலூரை விட்டுவிட்டு நீலகிரிக் கூடலூரைப் பற்றி விளக்கம் சேர்க்கும். கம்பம் என்றால் ஆந்திராவில் அதே பெயருள்ள ஊருக்குப் போய்விடும். மதுரை மாவட்டம் என்று வரும்போது அன்றைய மதுரை மாவட்டம் இன்றைய தேனி, திண்டுக்கல் பகுதிகளையும் சேர்த்தது என்பதை மறந்துவிடும். லட்சத்தை மில்லியன் ஆக்கும்போது ஒரு சுழியம் கூடும், குறையும். தொகை, ஊர், ஆண்டு இந்த மூன்றையும் மூலத்தோடு விரல் வைத்துச் சரிபாருங்கள்.

வாய்மொழிக் குறிப்புக்கு ஒரு சின்னப் படிவம் கொடுங்கள். தாத்தா, அப்பத்தா, அம்மாச்சி, பக்கத்து வீட்டுப் பெரியவர் யாராக இருந்தாலும் சரி. என்ன சொன்னார், அவர் அதை யாரிடம் கேட்டார், கேட்டபோது அவருக்கு என்ன வயது. கடைசி இரண்டும்தான் முக்கியம். “எங்க ஐயா அவங்க அப்பாகிட்ட கேட்டாராம், அவங்க அப்பா கால்வாய் வெட்டப் போனவராம்” என்பதற்கும், “டிவியில பார்த்தாராம்” என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகள் தாமாகவே பிடித்துக்கொள்வார்கள்.

4. ஏஐ பதிலை முந்தைய நாளே எடுத்து வையுங்கள்

வகுப்பில் நேரடியாகக் கேட்கும் ஆசையை அடக்குங்கள். அதே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் வேறு பதில் வரும். நீங்கள் எதிர்பார்த்த தவறு அன்று வராமல் போகலாம். எதிர்பாராத ஒன்று வந்து, பதில் தெரியாமல் நிற்க நேரலாம்.

வீட்டில் உட்கார்ந்து கேள்வியைத் தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை, வேறொரு கருவியில் ஒருமுறை கேளுங்கள். மூன்றையும் தேதி, கருவியின் பெயர், கேட்ட வாசகம் ஆகியவற்றோடு அச்செடுங்கள். இவற்றில் ஒன்றை வகுப்புக்குத் தேர்ந்தெடுக்கும்போது, அபத்தமான தவறு உள்ள பதிலை எடுக்காதீர்கள். அணையைக் கட்டியவர் வேறு யாரோ என்று வந்தால் பிள்ளைகள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். பெரும்பாலும் சரியாக இருந்து, நடுவில் ஆதாரம் இல்லாத இரண்டு மூன்று வாக்கியங்கள் உள்ள பதில்தான் பாடத்துக்கு ஏற்றது. நிஜ வாழ்க்கையிலும் அவர்கள் சந்திக்கப்போவது அதைத்தான்.

5. முதல் பீரியட்: ஏஐ என்ற பேச்சே வேண்டாம்

கட்டைக் கொடுங்கள். இருவர் இருவராகப் படிக்கட்டும். கடைசிப் பதினைந்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் தன் நோட்டில், பேனாவால், கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். ஐந்து வாக்கியம் போதும். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் எந்தத் தாளிலிருந்து எடுத்தது என்று எண் போட வேண்டும்.

காரணம் இதுதான்: சரளமான பதில் ஒன்றைப் பார்த்த பிறகு, பிள்ளைகளால் அதை மறக்க முடிவதில்லை. நாளை தாங்கள் எழுதும் ஒவ்வொரு வாக்கியமும் அதன் சாயலில்தான் வரும். முதலில் தன் கையால் எழுதியவர், அடுத்த நாள் ஏஐ பதிலைப் பார்க்கும்போது “நான் இப்படி எழுதலையே” என்று நிறுத்துகிறார். அந்த நிறுத்தம் வந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

நோட்டுகளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டாம், கையெழுத்தும் தேதியும் மட்டும் போடுங்கள். பின்னால் மதிப்பெண் போடும்போது இது தேவைப்படும்.

6. இரண்டாம் பீரியட்: மூன்று நிறம்

இப்போது அச்செடுத்த ஏஐ பதிலைக் கொடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் கட்டோடு ஒப்பிட்டு நிறம் இட வேண்டும். கட்டில் ஆதாரம் இருந்தால் பச்சை. கட்டில் உள்ளதற்கு நேர் எதிராக இருந்தால் சிவப்பு. கட்டில் இதைப் பற்றி ஒன்றுமே இல்லை என்றால் நீலம்.

புதிய ஆசிரியர்கள் நீலத்தை விட்டுவிட்டு சரி, தவறு என்று இரண்டே நிறம் வைக்கிறார்கள். அங்கேதான் பாடம் கெடுகிறது. தாளில் மிக அதிகமாக வரப்போவது நீலம்தான். தெரியாததைத் தெரியாது என்று குறித்துவைக்கப் பழகாத பிள்ளை, நம்பத்தக்கதாகத் தோன்றும் எல்லாவற்றுக்கும் பச்சை அடித்துவிடும்.

நம் பாடத்தில் என்ன நடக்கும் என்று பார்ப்போம். திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை, ஆண்டுக்கு 40,000 ரூபாய், 8,000 ஏக்கர் என்று ஏஐ சொல்லும். ஒப்பந்தத்தில் இருக்கிறது, பச்சை. அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது, பச்சை. தாது வருசப் பஞ்சத்துக்குப் (1876-78) பிறகு திட்டம் வேகம் பிடித்தது, கெஜட்டியர் துண்டில் இருந்தால் பச்சை. சில சமயம் பெரியாறு அணையையும் 1959-ல் காமராசர் திறந்துவைத்த வைகை அணையையும் ஒன்றாகக் குழப்பி ஒரு வாக்கியம் வரும், அது சிவப்பு.

அப்புறம் அந்த வாக்கியம் வரும்: “அரசு நிதியை நிறுத்தியதும் பென்னிகுவிக் இங்கிலாந்து சென்று தன் சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் விற்றுப் பணம் கொண்டுவந்து அணையை முடித்தார்.”

வகுப்பு இரண்டாகப் பிரியும். வாய்மொழிப் படிவத்தில் இதையே எழுதிக்கொண்டு வந்தவர்கள் பச்சை என்பார்கள். மெக்கென்சியின் பகுதியில் அரசின் மதிப்பீடும் செலவுக் கணக்கும் மட்டுமே இருப்பதைப் பார்த்தவர்கள் சிவப்பு என்பார்கள். அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கேளுங்கள்: கட்டில் உள்ள எழுத்து ஆதாரம் எதிலாவது சொத்து விற்ற செய்தி இருக்கிறதா? இல்லை. “விற்கவில்லை” என்று எங்காவது இருக்கிறதா? அதுவும் இல்லை. அப்படியானால் என்ன நிறம்? பின்பெஞ்சிலிருந்து யாராவது ஒருவர் “நீலம் டீச்சர், ஆனா தாத்தா தாளை மட்டும் வச்சா பச்சை” என்பார். அதை அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள்: எழுத்து ஆவணத்தில் கிடைக்கவில்லை, மரபாகச் சொல்லப்படுகிறது.

இந்த இடத்தில் பிள்ளைகள் மனம் புண்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜனவரி 15-ல் பென்னிகுவிக் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிற ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் இருப்பார்கள். அந்த நன்றி உண்மையானது; தண்ணீர் வந்த பிறகு வாழ்க்கை மாறிய குடும்பங்களின் நன்றி அது. ஆவணத்தில் இல்லை என்பதால் அந்த நன்றி பொய்யாகிவிடாது. இந்தக் கதையை மக்கள் ஏன் இப்படிச் சொல்கிறார்கள் என்பதே ஒரு வரலாற்றுக் கேள்வி என்று சொல்லுங்கள். அதே மூச்சில், காய்ச்சலிலும் காலராவிலும் அந்த மலையில் செத்துப்போன கூலித் தொழிலாளர்களின் பெயர் ஏஐ பதிலில் இருக்கிறதா, பாடநூலில் இருக்கிறதா, யாருடைய தாத்தா சொன்னதிலாவது இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். பதிலில் எது விடுபட்டது என்று பார்ப்பதும் நிறம் இடுவதின் ஒரு பகுதிதான். தாளின் ஓரத்தில் “இல்லாதவர்கள்” என்று ஒரு கட்டம் போட்டு எழுத வையுங்கள்.

7. கருவி எப்படி இயங்குகிறது: பத்து நிமிடம் போதும்

பிள்ளைகள் தாங்களாகவே “ஏன் டீச்சர் இப்படி எழுதுது?” என்று கேட்ட பிறகு சொல்லுங்கள். அதற்கு முன் சொன்னால் காதில் ஏறாது.

கரும்பலகையில் “மதுரை” என்று எழுதி, அடுத்த சொல் என்ன என்று கேளுங்கள். மீனாட்சி, மல்லி, ஜிகர்தண்டா என்று வரும். “வைகை அணை திறக்கப்பட்ட ஆண்டு” என்று எழுதுங்கள். ஆண்டு தெரியாத பிள்ளைகூட 19 என்று தொடங்கும் ஒரு எண்ணைத்தான் சொல்லும். ஏஐ செய்வதும் இந்த வகைதான்: தான் பயின்ற ஏராளமான எழுத்திலிருந்து, அடுத்து எது வர வாய்ப்பு அதிகம் என்று பார்த்து எழுதிக்கொண்டே போகிறது. ஆண்டு போல இருக்கும் எண்ணும் உண்மையான ஆண்டும் அதற்கு ஒரே மாதிரி எளிதாக வரும். பலர் திரும்பத் திரும்ப எழுதிய கதை ஆவணத்தைவிட வலுவாக வரும். மகாலை வடிவமைத்தவர் இத்தாலியர் என்ற செய்தி சுற்றுலாக் குறிப்புகளில் எத்தனையோ இடத்தில் இருப்பதால், ஏஐயும் தயங்காமல் சொல்லும். இணையத்தில் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழ் எழுத்து மிகக் குறைவு. அதிலும் நம் வட்டாரத்து ஊர்களைப் பற்றியது இன்னும் குறைவு. அதனால்தான் உள்ளூர்க் கேள்வியில் தவறு கூடுகிறது.

இதற்கு மேல் தொழில்நுட்பம் வேண்டாம்.

8. மூன்றாம் பீரியட்: குறுக்கு விசாரணை

இப்போதுதான் நேரடியாகக் கருவியைத் திறக்கலாம். தட்டுவது நீங்கள், கேள்வி பிள்ளைகளுடையது. நீல வாக்கியங்களை மட்டும் எடுத்துக் கேட்கட்டும்.

“இந்தத் தகவல் எந்த நூலில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது?” என்று கேட்கச் சொல்லுங்கள். நூல் பெயர் வந்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள், மின்னூலகத்தில் தேடுங்கள். அப்படி ஒரு நூலே இல்லாமல் இருக்கலாம். இணையத்தில் தேடிப் பதில் தரும் கருவி என்றால் இணைப்பு உண்மையாக இருக்கலாம், ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்தால் சொன்ன செய்தி அங்கே இல்லாமலும் போகலாம். திறந்து படிக்காமல் இணைப்பை ஆதாரமாக எண்ண விடாதீர்கள்.

“1890-களில் எழுதிய ஒருவருக்கு இது தெரிந்திருக்குமா?” “இதற்கு எதிரான ஆதாரம் என்ன?” “நீ உறுதியாகச் சொல்லக்கூடியது எது, மரபாக வழங்குவது எது, தனித்தனியாகப் பிரி.” இவை நல்ல கேள்விகள். “இது உண்மையா?” என்பது பயனற்ற கேள்வி, பெரும்பாலும் ஆமாம் என்றே வரும்.

ஒரு சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். ஏஐ சரியாகச் சொன்ன ஒன்றை எடுத்து, “நீ சொன்னது தப்பு, வைகை அணை 1965-ல்தான் திறந்தது” என்று அழுத்திச் சொல்லிப் பாருங்கள். சில கருவிகள் மன்னிப்புக் கேட்டு மாற்றிக்கொள்ளும். சில உறுதியாக நிற்கும். எது நடந்தாலும் பாடம் உண்டு: நாம் அழுத்துவதால் வரலாறு மாறுவதில்லை, ஆனால் பதில் மாறலாம். பிள்ளைகள் இதைப் பார்த்த பிறகு கருவியின் குரலில் உள்ள தன்னம்பிக்கையைக் கண்டு மயங்குவது குறைகிறது.

9. எழுத்துப் பணியும் மதிப்பெண்ணும்

இனி முழுப் பதிலைத் திரும்ப எழுதச் சொல்லுங்கள், வகுப்பிலேயே. பத்து மதிப்பெண் என்றால் நான் பிரிப்பது இப்படி: முதல் நாள் எழுதிய பதிலுக்கு 3, நிறமிட்ட தாளுக்கு 3, திருத்தி எழுதிய பதிலுக்கு 2, “என் கருத்து எங்கே மாறியது, எந்த ஆதாரத்தால்” என்ற சிறு குறிப்புக்கு 2.

முடிந்த கட்டுரைக்கு இரண்டே மதிப்பெண்ணா என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. ஆமாம். அதைத்தான் கருவியால் மிக எளிதாகச் செய்ய முடியும். வந்த வழியை அதனால் எழுதித் தர முடியாது, ஏனென்றால் முதல் நாள் நோட்டு உங்கள் கையெழுத்தோடு உங்களிடம் இருக்கிறது.

வீட்டில் செய்யும் ப்ராஜெக்டுக்கு ஏஐயைப் பயன்படுத்தினால் எங்கே, எதற்கு என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுதியதற்காக மதிப்பெண் குறைக்காதீர்கள். குறைத்தால் அடுத்த முறை யாரும் எழுத மாட்டார்கள்.

10. கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பாதீர்கள்

ஏஐ எழுதியதா என்று கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் இணையதளங்கள் பல உண்டு. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே இப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரு பிள்ளையைத் திருடன் என்று சொல்ல இது ஆதாரம் ஆகாது.

சந்தேகம் வந்தால் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு நிமிடம் பேசுங்கள். “இந்த வரியில மெக்கென்சின்னு எழுதியிருக்கியே பாப்பா, அவரு யாரு?” “இந்தப் பத்தியை எதைப் பார்த்து எழுதின?” எழுதிய பிள்ளை தடுமாறினாலும் பதில் சொல்லும். எழுதாத பிள்ளைக்கு அந்த இரண்டு நிமிடத்திலேயே புரிந்துவிடும், நீங்கள் வேறு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. மற்ற பிள்ளைகள் முன்னால் மட்டும் கேட்காதீர்கள்.

11. சாதி, சமூகம், காயம் உள்ள பாடங்கள்

1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூடும் குற்றப்பரம்பரைச் சட்டமும் பாடத்தில் வரும்போது, அவற்றால் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் வாரிசுகள் உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம். காலனிய ஆவணங்கள் ஒரு சமூகத்தையே குற்றவாளிகள் என்று எழுதியவை. 1906 கெஜட்டியரும் அதற்கு விலக்கில்லை. இந்த எழுத்திலிருந்து பயின்ற கருவி அதே சொல்லை, யார் சொன்னது என்று குறிப்பிடாமல், தன் சொல்லாகத் திரும்பத் தரலாம்.

இத்தகைய பாடத்தில் நேரடியாக ஏஐயைத் திறக்கவே வேண்டாம். முன்பே எடுத்த பதிலை நீங்கள் படித்துப் பார்த்து, தேவையான பகுதியை மட்டும் கொடுங்கள். “இந்த வாக்கியம் யாருடைய குரல்? காவல்துறையா, கலெக்டரா, ஊர்க்காரரா?” என்பதே அன்றைய கேள்வியாக இருக்கட்டும். பெருங்காமநல்லூரில் உயிரிழந்த மாயக்காள் என்ற பெண்ணின் பெயரைக் கட்டில் கட்டாயம் வையுங்கள்.

மீனாட்சி அம்மன் கோயில் நுழைவுக்கும் இது பொருந்தும். 1939 ஜூலை 8-ல் நடந்ததைக் கேட்டால், அதுவரை உள்ளே விடாமல் தடுக்கப்பட்டிருந்த மக்களை அழைத்துச் சென்ற வைத்தியநாத ஐயரின் பெயர் உடனே வரும். உள்ளே காலெடுத்து வைத்த கக்கன் முதலியோரின் பெயர்கள் பல பதில்களில் இருக்காது. நிறமிடும் தாளில் “இல்லாதவர்கள்” கட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது.

எந்தச் சாதி பழமையானது, எந்த மன்னர் எந்தச் சாதி என்ற கேள்விகளை ஸ்மார்ட் போர்டில் தட்ட மறுத்துவிடுங்கள். பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள். காரணம் சொல்லி மறுங்கள்.

12. செய்யவே கூடாத மூன்று

வேலுநாச்சியாராகவோ கட்டபொம்மனாகவோ ஏஐயைப் பேசவைக்காதீர்கள். அவர்கள் சொல்லாத வாசகம் அவர்கள் குரலில் மனதில் பதிந்துவிடும். சினிமா வசனங்கள்கூட வரலாற்று மேற்கோள் போல வந்து நிற்கும். மாறாக, 1798-ல் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்தபோது கட்டபொம்மனுக்குத் தெரிந்திருக்கக் கூடியது என்ன, தெரிந்திருக்க முடியாதது என்ன என்று மாணவரையே பட்டியல் போடச் சொல்லலாம்.

உருவாக்கிய படங்களைப் பழங்காலக் காட்சியாகக் காட்டாதீர்கள். சொல்லைவிடப் படம் அதிகம் பதியும்; பரீட்சை முடிந்தும் அந்த முகம்தான் நினைவில் நிற்கும்.

கல்வெட்டுப் படத்தைக் கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்லாதீர்கள். கீழக்குயில்குடி சமணர் மலையில் எடுத்த வட்டெழுத்துப் படத்தையோ மாங்குளம் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தையோ கொடுத்தால், வாசிப்பு போலவே ஒன்று வரும். மாங்குளத்தில் நெடுஞ்செழியன், கணி நந்தி பெயர்கள் இருப்பது அறிஞர்கள் எழுத்தெழுத்தாகப் படித்துப் பதிப்பித்ததால் நமக்குத் தெரிகிறது. பதிப்பித்த வாசிப்பை முதலில் கையில் வைத்துக்கொண்டு மலைக்குக் கூட்டிப்போங்கள். பிள்ளைகள் ஒரு ‘க’வைத் தாங்களே கண்டுபிடித்தால் அந்த நாள் வீணாகாது.

13. பாடநூலோடு முரண்பட்டால்

ஆதாரக் கட்டும் பாடநூலும் ஏதாவது ஓரிடத்தில் ஒத்துப்போகாமல் இருக்கும். பொதுத்தேர்வில் பாடநூலில் உள்ளபடியே எழுத வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பிள்ளையின் மதிப்பெண்ணோடு விளையாடும் உரிமை நமக்கு இல்லை. வித்தியாசத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியே குறித்து வைக்கட்டும். ஏஐ சொன்னதும் பாடநூலும் முரண்பட்டால், தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அந்த விவாதத்தைத் தொடங்காதீர்கள்.

14. கட்டை எடுத்து வைத்தல்

பாடம் முடிந்ததும் ஆதாரத் துண்டுகள், தேதியிட்ட ஏஐ பதில்கள், நன்றாக நிறமிட்ட இரண்டு மூன்று தாள்களின் பெயர் மறைத்த நகல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். கருவிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. சென்ற ஆண்டு செய்த தவறை இந்த ஆண்டு செய்யாமல் இருக்கலாம், புதிதாக ஒன்றைச் செய்யலாம். ஆதாரத் துண்டுகள் அப்படியே இருக்கட்டும். ஏஐ பதில்களை மட்டும் ஒவ்வொரு ஆண்டும் புதிதாக எடுத்து, பழையதோடு சேர்த்தே வகுப்பில் கொடுங்கள். இரண்டு ஆண்டுப் பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறமிட ஒரு பீரியட் கூடுதலாகப் பிடிக்கும், அதை முன்பே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.